வாசகர் கேள்வி பதில்: எழுத்துக்கு முன்னால் ரொட்டி மா

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆகின்றன. முன்பள்ளியில் தினமும் 'அ' எழுத்தைப் பத்து வரி எழுதிவரச் சொல்கிறார்கள். அவளோ பென்சிலை உலக்கையைப் போல் முழுக் கையால் பிடித்து நாலு கிறுக்குக் கிறுக்கிவிட்டு அழுகிறாள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கும் பையன் ஆனா ஆவன்னா முழுவதும் எழுதுகிறான். விளையாட்டென்றால் மட்டும் இவள் கெட்டி. துவாயைத் தலையில் போட்டு, உரப்பையை முதுகில் தொங்கவிட்டு, வாசல் செடியில் கொழுந்தெடுத்து, "பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) நேரமாச்சு" என்று பொம்மையை அதட்டுவாள். இவள் மந்தமான பிள்ளையா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உரப்பை கூடையாகவும் வாசல் செடி தேயிலையாகவும் அவளுக்குத் தோன்றுகின்றனவே, ஒரு பொருளை இன்னொன்றுக்கு அடையாளமாகக் கொள்ளும் அந்த ஆற்றல்தான் நாளைக்கு ஒரு வளைகோட்டை ஓர் ஒலிக்கு அடையாளமாக ஏற்றுக்கொள்ளப் போகிறது. அவளது அறிவு சரியாகவே வளர்கிறது. கைதான் இன்னும் ஆயத்தமாகவில்லை.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன; ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிடும். பொதுவாக மூன்று வயதில் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும், நான்கில் கூட்டல் குறியை வரையும், ஐந்தை நெருங்கும்போதுதான் சதுரம் கைவரும். 'அ' என்ற எழுத்திலோ சுழியும் வளைவும் கிடைக்கோடும் நெடுங்கோடும் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. சதுரமே போடத் தெரியாத கையிடம் அதைப் பத்து வரி கேட்பது, சொல்லப்போனால், பெரியவர்களுடைய அவசரமே தவிர வேறில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எழுதினால் எழுதட்டும். இந்த வயதில் ஆறு மாத முன்பின் சாதாரணம்.

மாலையில் கொப்பியை மூடி வைத்துவிட்டு, ரொட்டிக்குக் கோதுமை மா பிசையும்போது ஓர் உருண்டையை அவளிடம் கொடுங்கள். பிசையட்டும், உருட்டட்டும், கிள்ளி எடுக்கட்டும். போஞ்சியை ஒடிப்பதும், சட்டைப் பொத்தானைத் தானே போடுவதும், உடுப்புக் காயவைக்கும் கிளிப்பை அழுத்தித் திறப்பதும் பென்சில் பிடிக்கத் தேவையான அதே மூன்று விரல்களுக்குத்தான் பலம் சேர்க்கின்றன. ஏறி, இறங்கி, நொண்டியடித்து ஓடும் பிள்ளைக்குத் தோளும் முதுகும் உறுதிப்படுகின்றன. அவை தளர்ந்திருந்தால் விரலுக்கும் பிடி கிடைக்காது. ஆசிரியையிடம் கடிந்துகொள்ளாமல் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். எழுதத் தொடங்கும்போதும் 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகளே முதலில் வரட்டும்.

நான்கு வயதிலும் அயலாருக்குப் பேச்சு விளங்கவில்லை, "செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா" போன்ற இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் பிடிபடவில்லை, கற்றது மறந்துபோகிறது என்றால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அப்போது காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது நிறைந்துவிட்டது, உயரம் 97 சென்ரிமீற்றர். கிளினிக்கில் "குறைவுதான், கவனியுங்கள்" என்றார்கள். "நம்ம பரம்பரையே கட்டைதான்" என்கிறார் அவனுடைய அப்பாயி. காலையில் தேத்தண்ணியும் ரொட்டியும் நன்றாகச் சாப்பிடுகிறான்.
– ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பசியும் ஒளிந்துகொள்ளக் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, பிரேசில், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து தயாரிக்கப்பட்டவை. நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த இடங்களில் முதல் ஐந்து வயதில் அவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே உயர்ந்தார்கள். நமது இலங்கையில் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நூற்றுக்கு 17 பேராகவும், தோட்டப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 32 பேராகவும் இருந்தார்கள். இந்த வித்தியாசத்தை இரத்தத்தின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது.

நான்கு வயது ஆண்பிள்ளையின் நடு அளவு சுமார் 103 சென்ரிமீற்றர். 95க்குக் கீழே போனால்தான் குட்டையென்று கணிப்பார்கள். ஆகவே உங்கள் மகன் எல்லைக்கு மேலேதான் நிற்கிறான். ஒரு நாள் அளவைவிட, வளர்ச்சிப் பதிவேட்டில் உயரத்தைக் குறிக்கும் கோடு போகும் திசையே முக்கியம். இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரை உயர வேண்டும். கோடு படுத்துக்கொண்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

தேநீரைப் பற்றித் தேயிலை நாட்டிலிருந்தே குறை சொல்வது எனக்கும் சங்கடந்தான். ஆனாலும் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரின் துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்துபோவதோடு, கவனமும் சிதறி, கற்பதிலும் பின்தங்கும். ரொட்டியோடு முட்டையோ அவித்த கௌப்பியோ நெத்தலியோ கொடுத்து, தேநீருக்குப் பதிலாகப் பாலோ தண்ணீரோ வையுங்கள். கொய்யாப்பழம் கிடைத்தால் சேர்த்துக் கொடுங்கள், இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும்.

கேள்வி: அக்காவின் தம்ளர் உயரமாக இருப்பதால் அவளுக்கே அதிகப் பால் என்று என் நான்கு வயது மகன் தினமும் சண்டை பிடிக்கிறான். கண் முன்னால் அளந்து ஊற்றினாலும் நம்புவதில்லை. பிடிவாதமா?
– ஒரு தாய், இராகலை

பதில்: பிடிவாதம் இல்லை. உயரத்தையும் அகலத்தையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் திறன் ஏழு வயதளவில்தான் வருகிறது என்று சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே இதே போன்று நீரை ஊற்றிக் காட்டி விளக்கினார். அதுவரை எது உயரமோ அதுவே அதிகம். விளக்கிச் சொல்லிக் களைக்காமல், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தம்ளர் வாங்கிவிடுங்கள்.