சாம்பல் பெட்டிக்குள் சிக்கிய பாடம்

கேள்வி: பள்ளிக்காக 2007-இல் வாங்கிய இயற்பியல் பாடக் குறுந்தகடு என்னிடம் இருக்கிறது. ஊசல், குவிலென்ஸ், மின்சுற்று எல்லாம் அசைந்து காட்டும். பேத்திக்காகக் குரோமில் திறந்தால், படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் பெட்டியும் ஒரு புதிர்த் துண்டும்தான் தெரிகின்றன. ஃபிளாஷ் பிளேயரைத் தேடி இறக்கினேன். அன்று முதல் விளம்பரமாகக் கொட்டுகிறது. குறுந்தகடு கெட்டுவிட்டதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கருங்கல்

பதில்: டீச்சர், குறுந்தகட்டின் மேல் பழி போடாதீர்கள். அதன் அசையும் படங்களை ஓட்டிக் காட்டிய நிரல்தான் ஃபிளாஷ் பிளேயர்; அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் ஏற்கெனவே இருந்த பிளேயரும் படம் ஓட்ட மறுத்தது. அந்த மாதமே வந்த குரோம் 88, ஃபயர்பாக்ஸ் 85 என்ற இரண்டு உலாவிப் பதிப்புகளிலும் அதற்கு இடமே இல்லை. ஆகவே ‘புதிய ஃபிளாஷ் பிளேயர்’ என்று இன்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

முதலில் குப்பையை அள்ளுவோம். கண்ட்ரோல் பேனலில் நிரல்களைத் தேதி வரிசையில் அடுக்கி, அன்று வந்து ஒட்டிக்கொண்டதை நீக்குங்கள். குரோமின் நீட்சிகளிலும் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்கள்) தெரியாத முகம் இருந்தால் வெளியேற்றுங்கள். விளம்பரம் திரையின் வலது மூலையில் எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். குளச்சலிலிருந்து ஒருவர் மார்த்தாண்டத்தில் உள்ள என் கடைக்கு இதே தொல்லையோடு வந்தார். வைரஸ் என்று பயந்து வேறு கணினி வாங்கவே துணிந்திருந்தார். குரோம் அமைப்புகளில் அறிவிப்புப் பட்டியலில் இருந்த மூன்று பெயர்களை நீக்கினேன், அடங்கியது. கூலி வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது.

இனி பாடம். குறுந்தகட்டை அப்படியே கணினியில் நகல் எடுங்கள். பழைய தகடு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. ‘ரஃபிள்’ என்ற இலவச நிரல் இருக்கிறது. பழைய ஃபிளாஷ் கோப்புகளைப் படித்து ஓட்டுவதே அதன் வேலை. அதன் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸ் பதிப்பை இறக்கி, எஸ்.டபிள்யூ.எஃப் (.swf) என்று முடியும் கோப்பை அதில் திறங்கள். குரோமிலேயே பார்க்க வேண்டுமென்றால் ரஃபிள் நீட்சியைச் சேர்த்து, அதன் விவரப் பக்கத்தில் கணினிக் கோப்புகளை அணுகும் அனுமதியையும் போடுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ஊசல் ஆடும் என்றே நினைக்கிறேன். ஒன்றிரண்டு பொத்தான்கள் முரண்டு பிடிக்கலாம். அப்படியானால் கோப்பின் பெயரை எழுதி அனுப்புங்கள். தகட்டைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். போன மாதம் வந்த ஒன்று உறைக்குள் இரண்டு துண்டாகக் கிடந்தது.