கரகரக்கும் ஊஃபரை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டி வசிக்கிறேன். என் தந்தை 1989-இல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த, 12 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஒலிப்பான்) கொண்ட உயர்தர ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வீட்டில் இருக்கிறது. சில மாதங்களாக இடப்பக்க ஸ்பீக்கரில் தவில் ஒலிக்கும்போதெல்லாம் கரகரப்பு கேட்கிறது. வலப்பக்கத்திலும் பழைய கனம் இல்லை. ஊஃபர் போய்விட்டது, வேறு 12 அங்குலம் மாட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் வேறு ஊஃபரை மாட்டுவதற்கு மட்டும் இப்போது சம்மதிக்க வேண்டாம். ‘ஊஃபர் போய்விட்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் சில ஒரு வார இறுதியில் வீட்டு மேசையிலேயே தீரக்கூடியவை, சில கைதேர்ந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டியவை. எது என்று தெரிந்துகொள்ளாமல் பசையையோ சால்டரிங் அயர்னையோ கையில் எடுக்கக் கூடாது.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, இடது வலது ஒயர்களை ஸ்பீக்கர் பக்கத்தில் மாற்றிப் பொருத்திக் கேளுங்கள். கரகரப்பு மறுபக்கத்துக்குத் தாவினால் பழுது ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கரில் நின்றால், முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி, ஊஃபரின் கோனை (முன்னால் தெரியும் கூம்பு வடிவப் பகுதியை) சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் வயதையும் கடல் காற்றையும் வைத்துப் பார்த்தால், அது விரலில் கரிய பிசினாக ஒட்டும் அல்லது பழைய பஞ்சுபோல உதிரும் என்றே எதிர்பார்க்கிறேன். பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சிதைவது. அதிக ஒலியில் பாடவிடாமல், உறை போட்டுப் பாதுகாத்து வைத்திருந்தாலும் சிதையும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கெட்டிருப்பதும் அதையே காட்டுகிறது.

அடுத்து வாய்ஸ் காயில் (கோனின் அடியில் காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருள்) உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊஃபரைக் கழற்றி, அதற்கு வரும் இரு ஒயர்களையும் விடுவித்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஊஃபர் மீட்டரில் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரைதான் காட்டும், 4 ஓம் ஊஃபர் 3-க்குச் சற்று மேலே காட்டும், இது பழுதல்ல. அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், கோனுக்கும் முனையத்துக்கும் நடுவே ஆடும் பின்னல் கம்பியை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். பருத்தி நூலில் செம்புத் தகடு சுற்றிய அந்தக் கம்பி பல்லாண்டு அசைவில் உள்ளுக்குள் இற்றுப்போகும். அசைக்கும்போது அளவு வந்து வந்து போனால் உங்கள் காயில் நன்றாகவே இருக்கிறது. அதே வகைப் பின்னல் கம்பியை வாங்கிப் பற்றவைத்தால் போதும். சாதாரண ஒயர் விரைவில் முறிந்துவிடும்.

மறுபக்க ஊஃபரைவிட மிகக் குறைவாகக் காட்டினால், சுற்றுகளின் மேற்பூச்சு கருகி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. வீட்டு ஸ்பீக்கர் ஒன்று தான் வாங்கும் மின்சக்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் ஒலியாக்குகிறது. மீதி முழுவதும் அந்த மெல்லிய காயிலில் வெப்பமாகவே இறங்குகிறது. பேஸ் குமிழை 10 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசைகளில் பத்து மடங்கு சக்தி போகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. காயில் கருகியிருந்தால் கோன், காயில், காயிலை நடுவில் தாங்கும் நெளிவுத் துணியான ஸ்பைடர் மூன்றையும் புதிதாக மாற்றும் ரீகோனிங் தேவைப்படும். காந்த இடைவெளியில் காயிலுக்கு இருபுறமும் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். முதல் முயற்சியாக இதில் இறங்க வேண்டாம். அந்த மாடலுக்கே உரிய பாகங்கள் கிடைக்கும்வரை ஊஃபரின் பழைய சட்டத்தையும் காந்தத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஃபோம் மட்டுமே கெட்டிருந்தால் தாராளமாக நீங்களே செய்யலாம். புதிய வளையம் வாங்க ‘12 அங்குலம்’ என்ற ஒரு சொல் போதாது. கோனின் விட்டம், வளையத்தின் வளைவு அகலம், சட்டத்தில் ஒட்டும் பகுதியின் உள், வெளி விட்டங்கள் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பழைய ஃபோம் கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா, கீழே ஒட்டியிருந்ததா என்பதைப் படம் எடுத்து வையுங்கள். நீண்ட நாள் உழைக்கும் என்று ரப்பர் வளையத்தை யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அதன் எடையும் விறைப்பும் வேறு என்பதால் ஊஃபரின் இயல்பான அதிர்வெண் மாறிவிடும். பெட்டியோ பழைய அதிர்வெண்ணுக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. கடைக்காரரின் ‘வேறு 12 அங்குலத்தை’ நான் மறுப்பதும் இதே காரணத்தால்தான். 1954-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரில் அறிமுகப்படுத்திய முற்றிலும் மூடிய பெட்டி வகையாக உங்களுடையது இருந்தால் இது இன்னும் முக்கியம். அதில் பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது.

பழைய ஃபோமையும் பசையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். காகிதக் கோனை ஊறவிட வேண்டாம். பிளாஸ்டிக் கோன் என்றால் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். ஃபோம் நீங்கியதும் கோனை நடுவில் நிறுத்தி, இரு கை விரல்களாலும் சமமாக அழுத்தி விடுங்கள். ஃபோம் கிழிந்து கோன் சாய்ந்ததால் மட்டும் வந்த உரசல் இப்போது மறைந்திருக்கும், இன்னும் உரசினால் காயில் வெப்பத்தில் வீங்கியிருக்கலாம், அல்லது காந்தம் நகர்ந்திருக்கலாம், அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

காகிதக் கோனுக்கு, காய்ந்த பின்னும் வளையும் வெள்ளைப் பசை ஏற்றது. பாலிபுரொப்பிலீன் கோனில் அது பிடிக்காது என்பதால் ரப்பர் வகைப் பசை வேண்டும். ஃபெவிக்விக் போன்றவை கண்ணாடிபோல் இறுகி விளிம்பை முறித்துவிடும். முதலில் கோனில் மட்டும் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சட்டத்தில் பசை தடவி, தொலைபேசிச் செயலியில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியாக மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், கோன் உள்ளும் புறமும் மெல்ல அசையும். உரசும் ‘ஸ்ஸ்’ என்ற ஓசை கேட்கும் பக்கத்துக்கு எதிராக வளையத்தை ஒரு மயிரிழை நகர்த்தி, ஓசை முற்றிலும் அடங்கும் இடத்தில் விரல்களால் சுற்றிலும் அழுத்துங்கள். இதற்கு அவகாசம் வேண்டும் என்பதால் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும் காண்டாக்ட் பசையை இங்கே தவிர்க்கிறேன். 24 மணி நேரம் அசைக்காமல் விட்டு, வலப்பக்க ஊஃபருக்கும் இதையே செய்யுங்கள்.

ஊஃபரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் முன், அதாவது அந்த 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுப்பதற்கும் முன்பே, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையங்களில், ஒயர் எதுவும் இல்லாமல், ஒலி அளவு பூஜ்ஜியத்தில் இருக்கும்போது டிசி (நேர்மின்) மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் நின்றால், புதிதாக ஒட்டிய ஊஃபரின் காயிலை அதுவே எரித்துவிடும் என்பதால் முதலில் ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்க்கக் கொடுங்கள்.