விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை: கால் மணி நேரம் பொறுங்கள்

ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர் போட்ட புதுக் கணினியில் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, மதர்போர்டில் ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிகிறது என்கிறீர்கள். இரண்டே நிமிடத்தில் பதறி அணைத்தீர்களே, அங்கேதான் தவறு. இந்தப் பிராசசர் பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டு முதல்முறை டிடிஆர்5 ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடங்கள் ஆகும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். நானும் மூன்று முறை அணைத்துவிட்டுப் பிராசசரைத் திட்டியவன்.

நான்கு ரேம்கள் செருகியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தப் பிராசசருக்கு இரண்டு ரேம் என்றால் 5200 வேகம் வரை ஏஎம்டி உறுதி தருகிறது. நான்கு என்றால் 3600தான். இரண்டைக் கழற்றிவிடுங்கள். மீதி இரண்டும் பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் 2, 4ஆம் இடங்களில் இருக்க வேண்டும். பிறகு கால் மணி நேரம் கைவைக்காதீர்கள். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பைத் திரை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.