ஆர்டர் பாதியாகிவிட்டது, தள்ளுபடி கொடுக்கலாமா?

கேள்வி: அலுவலகங்களுக்கு மேசை, அலமாரி செய்து கொடுக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். மந்தநிலையால் ஆறு மாதத்தில் ஆர்டர் பாதியாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் 10 சதவீதம் தள்ளுபடி கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? இரண்டு பேரை நிறுத்தவும் யோசிக்கிறேன். எப்படித் தாக்குப்பிடிப்பது?

பதில்: தள்ளுபடி இப்போதைக்கு வேண்டாம். 100-க்கு விற்கும் மேசையில் மரம், கூலி எல்லாம் போக 30 நிற்கிறது என்று வையுங்கள். 10 சதவீதம் குறைத்தால் நிற்பது 20. முன்பு 100 மேசையில் கிடைத்ததை எடுக்க இனி 150 மேசை விற்க வேண்டும். ஆர்டரே பாதியான நேரத்தில் அந்தக் கூடுதல் ஐம்பதை யார் வாங்குவார்? தவிர, ஒருமுறை இறக்கிய விலையைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. குறைத்தே ஆக வேண்டுமென்றால் பதிலுக்கு ஏதாவது கேளுங்கள். பாதிப் பணம் முன்கூட்டியே தரட்டும், அல்லது இழுப்பறை இல்லாத எளிய மாடலை எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதத்தில் தள்ளுபடியைப் பற்றி இருக்கிறது, கையிருப்புப் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏட்டில் லாபம் காட்டும் தொழில்கூட, சம்பள நாளில் பணம் இல்லாமல் படுத்துவிடும். ஒரு தாளில் 13 கட்டம் போடுங்கள், வாரத்துக்கு ஒன்று. முதல் கட்டத்தில் இன்றைய கையிருப்பு. அடுத்து, வரவேண்டிய பாக்கி. இங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் சொன்ன தேதியை எழுதாதீர்கள், அவர் வழக்கமாகக் கொடுக்கும் தேதியை எழுதுங்கள். முப்பது நாள் என்று சொல்லி அறுபதாவது நாள் தருபவர் மந்தநிலையில் திருந்தப்போவதில்லை. அப்புறம் சம்பளம், வாடகை, தவணை, வரி ஆகியவற்றைக் கழியுங்கள். எட்டாவது வாரத்தில் கணக்கு மைனஸில் போகிறதா? சரி, வங்கியிடம் பேச வேண்டியது இந்த வாரம். ஏழாவது வாரம் போய் நின்றால் உங்கள் அவசரம் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து கிடங்கைப் பாருங்கள். விற்காத அலமாரியில் முடங்கியிருப்பது உங்கள் சம்பளப் பணம். பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 1949-ல் ஜப்பானில் பொருளாதாரம் சுருங்கியபோது டொயோட்டா திவாலாகும் நிலைக்குப் போனது. வங்கிகள் கூட்டாகக் கடன் கொடுத்துக் காப்பாற்றின. விற்பனையைத் தனி நிறுவனமாகப் பிரிக்க வேண்டும், விற்கும் அளவுக்குத்தான் வண்டி செய்ய வேண்டும் என்பவை அவர்கள் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானவை. ஆட்குறைப்புத் தகராறு முற்றி, நிறுவனர் கீச்சிரோ டொயோடா 1950 ஜூனில் பதவி விலகினார். அதே மாதம் தொடங்கிய கொரியப் போர் டிரக் ஆர்டர்களைக் கொண்டுவந்தது, அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாம் போரை நம்பிக் காத்திருக்க முடியாது. ஆனால் ஆர்டர் கைக்கு வந்தபின் மரம் அறுப்பது நம்மால் முடியும். பழைய சரக்கை வேண்டுமானால் தள்ளுபடியில் கழித்துவிடுங்கள், அங்கே எனக்கு ஆட்சேபம் இல்லை.

புது வேலை எங்கே இருக்கும் என்பதற்கு உங்கள் பழைய பில் புத்தகமே போதும். கடைசி இருபது வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்யுங்கள். "ஆர்டர் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று வைத்துவிடுவார்கள். "இந்த வருடம் எதை வாங்காமல் தள்ளிப்போட்டீர்கள்?" என்று கேளுங்கள். புது மேசையைத் தள்ளிப்போட்டவர் ஆடுகிற பழைய மேசையைச் சரிசெய்யத்தான் வேண்டும். சிறிய இடத்துக்கு மாறும் அலுவலகத்துக்கு, அலமாரியைக் கழற்றி அளவு குறைத்துப் பொருத்த ஆள் தேவை. ரிப்பேர் வேலை கௌரவக் குறைச்சல் என்று முதலாளிகள் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மரச் செலவு குறைவு, பணமும் பெரும்பாலும் உடனே வரும்.

அந்த இரண்டு பேர் விஷயம். மிகுதி நேர வேலையை நிறுத்துவது, எல்லோருக்கும் வாரத்தில் ஒரு நாள் குறைப்பது, அதற்கும் முன்னால் நீங்கள் வீட்டுக்கு எடுக்கும் தொகையைக் குறைப்பது என மூன்று படிகள் மீதமிருக்கின்றன. கை தேர்ந்த தச்சரை அனுப்பிவிட்டால் ஆர்டர் திரும்பும்போது அவர் வேறு பட்டறையில் இருப்பார். முதலில் அந்த 13 கட்டத்தை நிரப்பி, எந்த வாரத்தில் மைனஸ் வருகிறது என்று எழுதுங்கள். ஆட்குறைப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.