‘ஃபெல்லோ டிராவலர்ஸ்’ தொடரில் வரும், தன்பாலீர்ப்பாளர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டும் வேட்டை உண்மையில் நடந்ததா? அமெரிக்க வரலாறு தெரியாதவர்கள் பார்த்தால் புரியுமா?

நடந்தது. தொடரில் காட்டியிருப்பதைவிட நீண்ட காலம் நடந்தது. சத்தமே இல்லாமல் நடந்தது. காதலர்கள் இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். அவர்களைத் துரத்தும் அரசாணைக்கு எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் இருக்கிறார். கதையின் முடிவு உட்படப் பலவற்றைச் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் நேராகக் கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

2023 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஷோடைம் வெளியிட்ட எட்டுப் பகுதித் தொடர் இது. தாமஸ் மலன் 2007-இல் எழுதிய நாவலைத் தழுவி ரான் நைஸ்வானர் உருவாக்கினார். எய்ட்ஸ் வந்ததால் வேலையிழந்த வழக்கறிஞரின் போராட்டத்தைச் சொன்ன ‘பிலடெல்பியா’ படத்தின் திரைக்கதையும் இவருடையதுதான். வெளியுறவுத் துறை அதிகாரி ஹாக்கின்ஸ் ஃபுல்லராக (சுருக்கமாக ஹாக்) மேட் போமரும், டிம் லாஃப்லின் என்ற இளைஞனாக ஜோனத்தன் பெய்லியும் நடித்திருக்கிறார்கள். டிம் பக்தியுள்ள கத்தோலிக்கன். கம்யூனிசம் தன் நாட்டை அழித்துவிடும் என்று மனதார நம்புகிறவன். அவனுக்கு செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் அலுவலகத்தில் வேலை கிடைக்க வழிசெய்வது ஹாக்தான். தன்னைப் போன்றவர்களை வேட்டையாடும் அலுவலகத்திலேயே டிம் சம்பளம் வாங்குகிறான். தான் நல்ல காரியத்துக்கு உழைக்கிறோம் என்றும் நம்புகிறான். முதல் பகுதியிலேயே இந்த முடிச்சு விழுந்துவிடுகிறது. அவிழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில், ஊழியர்களின் பணிப்பதிவேடுகளைக் கையாளும் பிரிவில் இருக்கிறேன். குறிப்பாணை, விளக்கம் கோருதல், மந்தண அறிக்கை எல்லாம் என் அன்றாடம். அதனாலேயே இந்தத் தொடரில் என்னை மிகவும் கலங்கவைத்தவை விசாரணை அறைக் காட்சிகள். ஒரு மேசை, ஒரு கோப்பு, மரியாதையாகப் பேசும் அதிகாரிகள். யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஒருவர் எப்படி நடக்கிறார், எப்படிப் பேசுகிறார், யாரோடு வசிக்கிறார் என்பதெல்லாம் தாளில் ஏறுகின்றன. உண்மை கண்டறியும் கருவியில் பொருத்திவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். இதெல்லாம் நாடகத்துக்காகச் சேர்த்தவை இல்லை. உண்மையான விசாரணைகளும் இப்படித்தான் நடந்தன. கடைசியில், பிரச்சினையில்லாமல் ராஜினாமா செய்துவிட்டுப் போகச் சொல்வார்கள். பெரும்பாலோர் போனார்கள். எதிர்த்து மேல்முறையீடு செய்தால் காரணம் வெளியே வரும். காரணம் வெளியே வந்தால் அடுத்த வேலையும் கிடைக்காது, பெற்றோர் வீட்டு வாசலும் மிதிக்க முடியாது. ராஜினாமா என்று பதிவானவற்றுக்குள் எத்தனையோ பணிநீக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. பதிவேடு பார்க்கிறவர்களுக்கு அந்த ஒற்றை வரியின் கனம் புரியும்.

இது தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். 1950 பிப்ரவரியில், வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவில் முழங்கினார். அதே மாதக் கடைசியில் அத்துறையின் உயரதிகாரி ஜான் பியூரிஃபாய் செனட் குழுவின் முன் சாட்சி சொல்லும்போது, 91 பேர் துறையைவிட்டு வெளியேற்றப்பட்டிருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பாளர்கள் என்றும் சொன்னார். துறையின் மானத்தைக் காப்பாற்றவே அவர் அதைச் சொன்னார். விளைவு நேர்மாறானது. இத்தனை பேர் ஒரே துறையில் இருந்தார்கள் என்றால் மற்ற துறைகளில் எத்தனை பேரோ என்று பத்திரிகைகளும் செனட்டர்களும் கிளம்பினார்கள்.

விசாரிக்க செனட்டர் கிளைட் ஹோயி தலைமையில் ஒரு குழு அமைந்தது. தன்பாலீர்ப்பாளர்களை எதிரி நாட்டு உளவாளிகள் மிரட்டி இரகசியங்களைக் கறந்துவிடுவார்கள், எனவே அவர்கள் அரசுப் பணிக்கே ஆபத்து என்று 1950 டிசம்பரில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. அப்படி மிரட்டப்பட்டு நாட்டைக் காட்டிக்கொடுத்த அமெரிக்க ஊழியர் ஒருவரையாவது காட்ட வேண்டுமே? காட்ட முடியவில்லை. அறிக்கையில் எடுத்துக்காட்டாக வந்தவர் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் உளவுத்துறை அதிகாரி ஆல்ஃபிரட் ரெடில். அவர் பிடிபட்டது 1913-இல். வேறொரு கண்டத்தில், அறிக்கை எழுதப்பட்ட நேரத்தில் உலக வரைபடத்திலேயே இல்லாத ஒரு பேரரசில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களின் பிழைப்பைப் பறித்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால்தான் ஒருவரை மிரட்ட முடிகிறது. வேலையைப் பறிப்பது யார்? அரசு. மிரட்டுவதற்கான ஆயுதத்தை அரசே செய்து வைத்துக்கொண்டு, அந்த ஆயுதத்துக்குப் பயப்படுகிறவனை நம்ப முடியாது என்று சொன்னது.

1953 ஏப்ரல் 27 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் அரசாணை 10450-இல் கையெழுத்திட்டார். மத்திய அரசுப் பணிக்குத் தகுதியற்றவர்களாக்கும் காரணங்களின் பட்டியலில் ‘பாலியல் வக்கிரம்’ என்பதும் இடம்பெற்றது. அதோடு வேட்டை எல்லாத் துறைகளுக்கும் பரவியது.

மெக்கார்த்தி மட்டுமே வில்லன் என்ற எண்ணத்தோடு தொடரைப் பார்த்து முடித்தால் வரலாறு தவறாகப் பதிந்துவிடும் என்பது என் கவலை. அவர் 1954-லேயே வீழ்ந்துவிட்டார். ராணுவத்துக்கும் அவருக்கும் இடையிலான மோதலைப் பற்றி அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை செனட்டில் நடந்த விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. ராணுவத்தின் வழக்கறிஞர் ஜோசப் வெல்ச், உங்களுக்கு நாகரிகமே கிடையாதா என்று மெக்கார்த்தியை நோக்கிக் கேட்டது இன்றும் பள்ளிப் பாடமாக இருக்கிறது. ஆனால் அதே வெல்ச் அதே விசாரணையில் மெக்கார்த்தியின் உதவியாளர் ராய் கோனைக் குத்திக்காட்ட, தன்பாலீர்ப்பாளர்களைக் கேலிசெய்யும் சொல்லை வைத்துச் சிலேடை பேசினார். அரங்கம் சிரித்தது. நாகரிகத்தின் பக்கம் நின்றவர்களுக்கும் அந்தக் கேலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 1954 டிசம்பரில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தது, 1957 மே மாதம் அவர் இறந்தார். அரசாணை அப்படியே இருந்தது.

ராய் கோனைப் பற்றி ஒரு வரி. பிறரைக் காட்டிக்கொடுத்தே உயர்ந்த இவரும் தன்பாலீர்ப்பாளர். கடைசிவரை மறுத்தார், 1986-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோதும் அதைக் கல்லீரல் புற்றுநோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வில் பிரில் அவரைக் கேலிச்சித்திரமாக்காமல் நடித்திருக்கிறார்.

தொடரில் செனட்டர் வெஸ்லி ஸ்மித் என்று ஒருவர் வருகிறார். ஹாக்குக்குத் தந்தையைப் போன்றவர், பிறகு மாமனார். அவருடைய மகன் லெனர்ட் கைதாவதும், அதைவைத்து எதிர்க்கட்சியினர் அவரை மிரட்டுவதும், அவர் உயிரை மாய்த்துக்கொள்வதும் மிகையாகத் தோன்றினால், வயோமிங் மாநில செனட்டர் லெஸ்டர் ஹன்ட்டின் வாழ்க்கையைப் பாருங்கள். 1953 ஜூனில் அவருடைய மகன் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபயெட் சதுக்கத்தில், மாற்றுடையில் இருந்த போலீஸ்காரரிடம் சிக்கினான். செனட்டில் இரு கட்சிகளும் ஏறக்குறைய சம பலத்தில் இருந்த நேரம் அது. ஓர் இடம் கை மாறினால் பெரும்பான்மையே மாறும். ஹன்ட் விலகினால் வழக்கு அமுங்கும், இல்லையென்றால் மகனின் பெயர் வயோமிங் முழுக்கப் போகும் என்று செனட்டர்கள் ஸ்டைல்ஸ் பிரிட்ஜஸ், ஹெர்மன் வெல்கர் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது. 1954 ஜூன் 19 அன்று, செனட் கட்டடத்தில் இருந்த தன் அலுவலக அறையிலேயே ஹன்ட் தற்கொலை செய்துகொண்டார். அவரை மிரட்டியவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை.

லெனர்டை ‘குணப்படுத்தும்’ இடம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் ஹாக். தானும் அந்தப் பையனும் ஒன்றுதான் என்று தெரிந்தே செய்கிறான். இந்தத் தொடரை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் ஹாக்கை எழுதியிருக்கும் விதம். போரில் பதக்கம் வாங்கிய வீரன், அழகன், எல்லோருக்கும் பிடித்தவன். பயம் வரும்போதெல்லாம் அடுத்தவனை முன்னே தள்ளிவிட்டுத் தப்பிக்கிறவன். 1957-இல் டிம் வாஷிங்டனுக்குத் திரும்பி வந்து வேலை தேடும்போது, பாதுகாப்பு அதிகாரிகளிடம் அவன் பெயரைக் கொடுத்து வேலை கிடைக்காமல் செய்வதும் ஹாக்தான். அவன் டிம்மைக் காதலிக்கிறான் என்பதில் எனக்கு ஐயமில்லை. காதலித்த மனிதனைப் பற்றி அரசுக்குத் தகவல் கொடுக்கவும் அவனால் முடிகிறது. அரசு அவனிடமிருந்து பறித்ததில் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். வேலை போனவர்களைப் பற்றிப் பேசுகிறோம்; வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் என்னவாக ஆனார்கள் என்று இந்தத் தொடர் பேசுகிறது.

1987 அக்டோபரில், எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர்கள் தைத்த பெரும் துணிவிரிப்பை வாஷிங்டனின் நேஷனல் மாலில் விரித்தார்கள். அது உண்மையில் நடந்தது. அங்கே டிம்மின் பெயருக்கு முன்னால் நின்று, அவன் தன் நண்பன் மட்டுமில்லை, தான் நேசித்த மனிதன் என்று ஹாக் தன் மகளிடம் சொல்கிறான். பலர் இதை மீட்பு என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லவேண்டிய காலத்தில் சொல்லாததன் விலையை டிம் கொடுத்து முடித்த பிறகுதான் ஹாக் வாய் திறக்கிறான். மேட் போமரின் முகமும் அதைத்தான் சொல்கிறது.

குறைகளும் உண்டு. 1950-களின் வாஷிங்டனை அங்குலம் அங்குலமாகக் காட்டும் தொடர், வியட்நாம் போர் எதிர்ப்பு, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட அரசியல்வாதி ஹார்வி மில்க் கொலைக்குப் பிந்தைய சான் பிரான்சிஸ்கோ ஆகியவற்றை ஒவ்வொரு பகுதியில் அவசரமாகக் கடக்கிறது. கறுப்பினப் பத்திரிகையாளர் மார்கஸ், மேடைக் கலைஞர் ஃபிராங்கி இருவரின் காதல் நாவலில் இல்லாத, தொடருக்காக எழுதிய கதை. நிறத்தால் ஒரு கதவும் காதலால் இன்னொரு கதவும் மூடியிருக்கும் மார்கஸுக்கு இன்னும் இரண்டு பகுதிகளாவது கொடுத்திருக்கலாம்.

எனக்குப் பெரிய ஏக்கம், ஃபிராங்க் காமெனியைப் போல எதிர்த்து நின்ற ஒருவர் கதையின் நடுவில் இல்லையே என்பது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வானியலாளர் அவர். ராணுவத்தின் வரைபடத் துறையில் பணியாற்றியவரை 1957-இல் நீக்கினார்கள். அவர் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. வழக்கு தொடுத்தார். தோற்றார். வழக்கறிஞர் விலகிக்கொண்ட பிறகு உச்ச நீதிமன்றத்துக்கான மனுவைத் தானே எழுதினார். 1961-இல் நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. 1965 ஏப்ரலில் ஒரு சிறு குழுவோடு வெள்ளை மாளிகை முன்பு பதாகை ஏந்தி நின்றார். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிந்து வர வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. வேலை கேட்கிறவர்கள் வேலைக்கு ஏற்றவர்களாகத் தோன்ற வேண்டும் என்றார். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் நீக்கியதிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. 1975-இல் பணியாளர் ஆணையம் தடையை விலக்கியது. 2009-இல் மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத் தலைவர் ஜான் பெர்ரி அவரிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பெர்ரியும் தன்பாலீர்ப்பாளர்தான். 84 வயதில் காமெனி அதை ஏற்றுக்கொண்டார். அரசாணை 10450 முழுவதுமாக விலக்கப்பட்டது 2017 ஜனவரியில். காமெனி இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.

இனி இரண்டாவது கேள்வி. வரலாறு தெரியாவிட்டாலும் புரியும். மெக்கார்த்தி, அவருடைய உதவியாளர் ராய் கோன், கோனின் நண்பர் டேவிட் ஷைன் ஆகிய மூவரும் உண்மையான மனிதர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஷைனுக்கு ராணுவத்தில் சலுகைகள் கேட்டு கோன் கொடுத்த நெருக்கடிதான் அந்தத் தொலைக்காட்சி விசாரணைக்கு வித்திட்டது. இது தெரிந்தால் நடுப்பகுதிகளில் தடுமாற மாட்டீர்கள். கதை 1950-களுக்கும் 1986-க்கும் இடையே முன்னும் பின்னும் போய்வரும். டிம்மின் உடல்நிலையைப் பார்த்தே எந்தக் காலம் என்று கண்டுகொள்ளலாம்.

படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, நீளமானவை. அவற்றைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். யார் கட்டளையிடுகிறார், யார் பணிகிறார், எந்த நாளில் அது தலைகீழாகிறது என்பதை வசனத்தில் சொல்லாமல் அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர் இல்லை. தற்கொலையும் கட்டாய ‘சிகிச்சை’யும் வருவதால், மனம் தளர்ந்திருக்கும் நாட்களில் நான்கு, ஐந்தாம் பகுதிகளைத் தனியாகப் பார்க்காதீர்கள். மற்றபடி எட்டையும் பாருங்கள்.