தங்கை புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறாள், சோம்பலா பர்ன் அவுட்டா?

கேட்டவருடைய தங்கை பெங்களூரில் எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷம். முதல் வருஷம் நன்றாகப் படித்தவள், இப்போது புத்தகத்தைத் தொட்டாலே அழுகையாம்.

சோம்பல் இல்லை. சோம்பேறிக்குப் படிக்காமல் இருப்பது சுகம், அழுகை வராது.

வெறும் அசதி என்றால் இரண்டு நாள் தூங்கினால் தீரும். பர்ன் அவுட், அதாவது நீண்ட நாள் அழுத்தத்தில் ஆள் வற்றிப்போவது, அப்படித் தீராது. அதை அளக்கும் மாஸ்லாக் அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: உள்ளுக்குள் வற்றிப்போவது, நோயாளி மேல் ஒட்டுதல் விட்டுப்போவது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். இந்த மூன்றில் நடுவில் இருப்பதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. "பதினாலாம் பெட் லிவர் கேஸ்" என்பது எல்லா வார்டிலும் புழங்கும் பேச்சுதான். அந்தப் பெட்காரர் வலிக்கிறது என்றதும் எரிச்சல் வந்தால் கவனிக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே கன்னடமும் ஒரு சுமை. நோயாளியிடம் ஹிஸ்டரி (நோய் விவரம்) எடுக்க நின்று, பதில் புரியாமல், சார் முன்னால் முழிப்பது தினமும் நடந்தால் யாருக்கும் வார்டு கசக்கும். இதற்கு மருந்து சுலபம். 'எல்லி நோவு' (எங்கே வலி), 'எஷ்டு தினதிந்த' (எத்தனை நாளாக), 'ஜ்வர இதெயா' (காய்ச்சல் இருக்கிறதா) என்று இருபது கேள்விகளைப் பாக்கெட் நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளட்டும். நோவு நமக்கும் நோவுதானே!

அடுத்தது தூக்கம். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியம் 2 மணியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பாக்கிப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து பிடிக்கக் கூடாது, மூன்றாம் நாளே கை விட்டுவிடும். அன்றைய வகுப்பு முதலில். பிறகு ஃபார்மகாலஜியில் (மருந்தியல்) ஒரே ஒரு மருந்து வகை, 40 நிமிஷம். புத்தகத்தை மூடிவிட்டு வேலை செய்யும் விதம், எதற்குத் தருவது, பக்கவிளைவு மூன்றையும் நினைவிலிருந்து எழுதட்டும்.

அட்டெண்டன்ஸ்தான் பெரிய பொறி. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேண்டும். லீவு தேவைப்பட்டால் ஓடி ஒளியாமல், அட்டெண்டன்ஸ் குறைவதற்கு முன்பே மென்டரை (வழிகாட்டும் ஆசிரியரை)ப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு வாரமாகப் பிடித்த எதிலும் ஆசையில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டது என்றால் அது டிப்ரஷனாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவு பற்றிப் பேசினால் அன்றைக்கே, தனியாக விடாமல், ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பெங்களூரில் இல்லாமல் சொந்த ஊரில் இருந்தால் ஹாஸ்டல் வார்டனையோ அறைத்தோழியையோ உடனே அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.