மைனஸ் 15-ல ஈய புல்லட்டுக்கு எந்த லூப் வாங்குறது?

கேள்வி: மினசோட்டால இருக்கேன் சார். 30-30 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு நானே ஈயம் உருக்கி புல்லட் வார்க்குறேன், 170 கிரெய்ன் எடை, அடியில கேஸ் செக் (சின்ன செப்பு மூடி) போட்டது. சம்மர்ல குரூப் அருமையா விழுது, குண்டெல்லாம் ஒரே இடத்துல கூட்டமா விழும். ஜனவரில ரேஞ்சுக்கு போனா மைனஸ் 15 டிகிரி, முதல் ரெண்டு மூணு குண்டு எங்கயோ தனியா போகுது, அதுக்கப்புறம்தான் ஒழுங்கா வருது. டப்பாவ திறந்தா லூப் (புல்லட்ல பூசுற மெழுகு மாதிரி மசகு) வேற பொடிப்பொடியா உதிர்ந்து கிடக்கு. இப்ப போடுறது ஹீட்டர் வச்சு ஏத்துற கெட்டியான சிவப்பு லூப். கடைல என்னடான்னா இதவிட உருகுநிலை அதிகமான, விலையும் அதிகமான ஸ்டிக் ஒன்னு இருக்கு, அத வாங்குங்கங்கிறாங்க. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. உருகுநிலைங்கிறது வெயில் காலத்து கவலைங்க, காருக்குள்ள வச்ச குண்டுல இருந்து மெழுகு வழிஞ்சு உள்ள இருக்கிற வெடிமருந்து பவுடர்ல இறங்கிடக்கூடாதுன்னு பாக்குறதுக்கு. உங்க பிரச்சனை அதுக்கு நேர் எதிர். அந்த மாதிரி ஸ்டிக்ல கெட்டித்தன்மைக்கு பெரும்பாலும் கார்னோபா மாதிரி மெழுகு சேர்ப்பாங்க, அது உருக 80 டிகிரிக்கு மேல வேணும், தேன்மெழுகு 62, 64-லயே உருகிடும். மேல எவ்வளவு தாங்கும்னு லேபிள்ல பெருசா போடுவான், கீழ எவ்வளவு குளிர்ல கல்லாகும்னு ஒருத்தனும் போட மாட்டான். மார்கழில தேங்கா எண்ணெய் பாட்டில கவுத்து வச்சுட்டு காத்திருந்த ஊருக்காரங்க நாம, நமக்கு இத ரொம்ப விளக்க வேண்டாம்.

உள்ள என்ன நடக்குதுன்னா, புல்லட்ட சுத்தி இருக்கிற அந்த பள்ளத்துல லூப் உக்காந்திருக்கு இல்லயா, சுடும்போது அழுத்தத்துல அது பிதுங்கி பேரல் சுவர்ல பூசிக்கணும், வாய்ப்பகுதிய தாண்டினதும் மிச்சம் இருக்கிறது மொத்தமா கழண்டு பறக்கணும். குளிர்ல கெட்டியானா ரெண்டுமே சரியா நடக்காது. பாதி பள்ளத்துல லூப் ஒட்டிக்கிட்டே போனா புல்லட் ஒரு பக்கம் கனமாகி ஆடும். ஏற்கனவே டப்பாவுலயே உதிர்ந்துருச்சுன்னா ஒரு குண்டுல லூப் இருக்கும், அடுத்ததுல பாதிதான் இருக்கும், குரூப் எப்படி ஒட்டும்? மூணு குண்டுக்கு அப்புறம் சரியாகுதுன்னா பேரல் சூடாகி லூப்ப இளக்குதுன்னு இருக்கலாம்.

சுட்டதுக்கு அப்புறம் பேரல் வாயோட விளிம்ப ஒரு தடவ உத்து பாருங்க. லூப் ஒழுங்கா வேலை செஞ்சா அங்க ரைஃப்ளிங் (பேரலுக்குள்ள இருக்கிற சுருள் வரி) கோடு கோடா, நட்சத்திரம் மாதிரி பிசுபிசுன்னு ஒரு கறை விழுந்திருக்கும். முதல் குண்டுக்கு அப்புறம் விளிம்பு வறண்டு கிடந்துச்சுன்னா லூப் கடைசி வரைக்கும் வந்து சேரலன்னு சந்தேகப்படலாம்.

சரி, எத வாங்குறது? முதல்ல நான் சொல்றது பழைய அலாக்ஸ் தேன்மெழுகு கலவை, சரிபாதி சரிபாதி. என்ஆர்ஏ (அமெரிக்க ரைஃபிள் சங்கம்) ஃபார்முலான்னு கேட்டா ரீலோடிங் கடையில, அதாவது குண்ட நாமளே தயார் பண்ற சாமான் விக்கிற கடையில, தெரியும், பல கம்பெனி போடுது, விலையும் குறைவு. அலாக்ஸ் முதல்ல துருப்பிடிக்காம இருக்க பூசுறதுக்கு வந்த சரக்கு, பெட்ரோலியம் சார்ந்தது, பிசுபிசுப்பு ஜாஸ்தி. வாசனை கொஞ்சம் கொடுமை, சுடும்போது புகையும் வரும், அதப் பாத்தா முடியாது. ரூம் சூட்டுலயே லூப்ரிசைஸர்ல (புல்லட்ட அளவாக்கி, பள்ளத்துல லூப் ஏத்துற கருவி) ஏறிடும், ஹீட்டர் வேண்டாம். வாங்குறப்போ உங்க லூப்ரிசைஸருக்கு நடுவுல ஓட்டை உள்ள ஸ்டிக்கா, ஓட்டை இல்லாததான்னு பாத்துட்டு வாங்குங்க, மாத்தி வாங்கிட்டு வந்து நிக்கிற ஆளுங்க நிறைய.

இன்னொன்னு, பாட்டில்ல வர்ற லிக்விட் அலாக்ஸ். புல்லட்ட ஒரு டப்பால போட்டு சில சொட்டு விட்டு உருட்டி, மெழுகு பேப்பர்ல ராத்திரி பூரா காய வைக்கிறது. மெல்லிசா ஒட்டுறதால உதிர்றதுக்கு எதுவும் இல்ல, குளிருக்கு அது ஒரு லாபம். ஆனா எல்லாரும் பண்றது அளவுக்கு மேல ஊத்துறது, அப்புறம் ஒரு வாரம் ஆனாலும் ஈ பேப்பர் மாதிரி ஒட்டுதுன்னு கம்ப்ளெயின்ட். தங்க நிறத்துல லேசா தெரிஞ்சா போதும்.

வீட்லயே கலக்குறேன்னு கிளம்புறவங்க மெழுகுவர்த்திய உருக்கி சேக்காதீங்க, பாரஃபின் குளிர்ல படார்னு உடையும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகுன்னு தனியா விக்குது, அது வளையும். உருக்குறது வெந்நீர் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சுதான், நேரடி நெருப்புல மெழுக வச்சுட்டு போன் பாக்குற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எத வாங்கினாலும் ஒரே ஒரு ஸ்டிக் வாங்குங்க, பத்து ஸ்டிக் பேக் ஆஃபர்னு விழுந்துடாதீங்க. கொஞ்சம் உருட்டி விரல் மொத்தத்துக்கு எடுத்து ராத்திரி பால்கனில வெளிய வச்சிடுங்க, காலைல அங்கயே நின்னு வளைச்சு பாருங்க. வளைஞ்சா, நகம் இறங்கினா ஓகே. சாக்பீஸ் மாதிரி டப்புனு ஒடிஞ்சா அது சம்மர் சரக்கு.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுறேன், எல்லாத்துக்கும் லூப் மேலயே பழி போட்டுடாதீங்க. சில பவுடர் குளிர்ல வேகம் குறையும், பேரல்ல துடைக்காம விட்ட க்ளீனிங் ஆயில் கெட்டியாகி முதல் குண்ட தூக்கி அடிக்கும். அதனால லூப்ப மட்டும் மாத்துங்க, பவுடர், சார்ஜ் (பவுடர் அளவு) எதையும் தொடாதீங்க. பேரலுக்குள்ள ஈயம் ஒட்டுதுன்னா அது வேற கதை, புல்லட் பேரலுக்குள்ள இருக்கிற ரைஃப்ளிங் பள்ளத்தோட விட்டத்தவிட ஆயிரத்துல ஒரு இன்ச்சாவது பெருசா இருக்கணும், சின்ன புல்லட்டுக்கு எந்த லூப்பும் உதவாது.

கேள்வி: இதே குளிர்ல ப்ளாக் பவுடர் (பழைய காலத்து கரி மருந்து) சுடுறவங்களுக்கும் இதேதானா?

பதில்: இல்ல. அங்க முக்கிய எதிரி கரி. குளிர்காத்துல ஈரம் கம்மி, கரி காஞ்சு பேரல்ல பொருக்கு தட்டிடும், லூப்தான் அத இளக்கமா வச்சுக்கணும். பெட்ரோலிய சரக்கு கரியோட சேந்து தார் மாதிரி ஆகுறதால அலாக்ஸ தள்ளி வச்சுட்டு, தேன்மெழுகோட சமையல் எண்ணெய், ஷார்ட்னிங் (வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பு) சேந்த மென்மையான கலவைக்கு போங்க. குளிர்காலத்துக்கு எண்ணெய் பங்க கொஞ்சம் கூட்டிக்குவாங்க. ரெண்டு குண்டுக்கு நடுவுல பேரலுக்குள்ள ஊதுறதும் உண்டு, மூச்சு ஈரம் கரிய இளக்கும். ஆனா துப்பாக்கி காலியா இருக்குன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, ஊதுகுழாய வச்சு பின்பக்கம் இருந்து மட்டும்.

கேள்வி: பவுடர் கோட்டிங் பண்ணிட்டா லூப்பே வேண்டாமாமே, இந்த தலைவலி தீருமா?

பதில்: குளிர் விஷயத்துல ஆமா, பெரிய அளவுல தீரும். பெயிண்ட் பவுடர் சுமார் 200 டிகிரில 20 நிமிஷம் வெந்து புல்லட்டோட ஒட்டிக்கும், மெழுகு கிடையாது, கெட்டியாகுற கதையும் கிடையாது. பூச்சுக்கு அப்புறம் புல்லட் கொஞ்சம் பருத்துடும், சைஸ் பண்ணி, அதாவது திரும்ப சரியான அளவுக்கு கொண்டு வந்துட்டுதான் லோட் பண்ணணும். லோட் வேற மாதிரி நடந்துக்கும், அதனால மேனுவல்ல இருக்கிற குறைஞ்ச சார்ஜ்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும். அதுக்கு வாங்குற டோஸ்டர் ஓவன் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைக்கும், ஆனா அது காராஜ்லயேதான் இருக்கணும், ஒரு தடவ ஈயம் ஏறின ஓவன்ல திரும்ப பிரெட் வைக்கக்கூடாது, விக்கும்போதும் வாங்குறவங்ககிட்ட சொல்லிடுங்க.